முன்பக்கம் காக்கா, பின்பக்கம் சார்

அக்டோபர் 13, ஞாயிறு

காலை 9.50. ஆலயத்தில் 64 பேர். வெளியே மழை. பொன்னையா சார் ஜெபம் செய்துகொண்டிருக்கும்போது சவுண்ட் பெட்டியில் இருந்த நான் அவர் மைக்கின் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன்.

பொது ஜெபம் இந்த வாரம் அவர் முறை. "அந்தப் பட்டணங்களைத் தரைமட்டமாக்கும் ஆண்டவரே, ஒருவரும் மீதியாகாதபடிக்கு" என்றார். காசாவைச் சொன்னார். லெபனானையும் சேர்த்துக்கொண்டார். வெளி ஸ்பீக்கர் சாலையைப் பார்த்து இருக்கிறது. எதிரே மொய்து காக்காவின் டீக்கடை. கை தானாகப் போகவில்லை, யோசித்தேதான் செய்தேன்.

பலன் ஒன்றும் இல்லை. வருடக்கணக்காக எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திய தொண்டை. மைக் இல்லாமலே சாலையைத் தாண்டியிருக்கும்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "கரண்டு போயிருச்சாப்பா?"

"இல்லைங்க சார். நான்தான் குறைச்சேன்."

"ஏன்?"

"ஜெபம் சரியில்லைங்க."

ஆயர் சவுண்ட் பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை சபைக் கமிட்டியில் விசாரணை. வழியில் அம்மா: "உனக்கு வாய்தான் நீளம்னு நெனச்சேன். கையும் நீளமாடா?"

எழுத வேண்டியது வேறு. அக்கா ஸ்டெல்லா மூன்று வருடமாக இஸ்ரேலில், ஹைஃபாவில். ரிவ்கா என்ற வயதான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலை. இன்று விடியற்காலை பேசிக்கொண்டிருக்கும்போதே சைரன். லைன் கட். ரொம்ப நேரம் கழித்து 'ஓகே' என்று ஒரே ஒரு மெசேஜ். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆலயத்துக்குப் போனேன். சாரிடம் சொல்லவில்லை. சாக்கு மாதிரி இருக்கும்.

அக்டோபர் 14, திங்கள்

மழை நிற்கவில்லை. தேயிலை ஃபாக்டரியில் ட்ரையர் ஃபேன் பேரிங் மாற்றினேன். பழையது உருளை உருளையாகக் கையில் வந்தது. கிரீஸ் வைக்கச் சொல்லி எத்தனை தடவை சொல்வது.

மாலை காக்கா கடை. பொன்னையா சார் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார். காக்கா சர்க்கரை இல்லாத டீயை வைத்துவிட்டு, "மாஷே, நேத்து ஜெபம் கேட்டேன். மைக் போயிட்டும் கேட்டது" என்றார். மாஷ் என்றால் மலையாளத்தில் வாத்தியார், காக்கா என்றால் அண்ணன். காக்காவுக்குச் சொந்த ஊர் கூடலூர் பக்கம்.

"கேக்கட்டும்னுதான் பண்ணுனேன். ஊடு பூந்து ஆளுகளைப் புடிச்சுட்டுப் போனது யாருங்க? கெழவி, கொழந்தைன்னு பாத்தாங்களா?"

"தப்பு. அன்னைக்கே தப்புன்னு ஞான் சொன்னேன். இப்ப அங்க சாகற குழந்தைங்க யாரைப் பிடிச்சிட்டுப் போச்சு? சோத்து லாரியை நிறுத்தறது எந்த நியாயம்?"

"போர்னா அப்படித்தானுங்க."

"அப்ப அவங்க செஞ்சதும் அப்படித்தானா?"

சார் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். டீ ஆறி ரொம்ப நேரமாகியிருந்தது.

எங்கள் லாரி டிரைவர் செல்வத்துக்கு வேறு கவலை. "ஈரான்காரன் வாங்கலைன்னா நம்ம தூளு குடோன்லயே தூங்கும். ஏலத்துல கேக்க நாதி இருக்காது." கொஞ்சம் கழித்து, "ரெண்டு பக்கமும் தலைவருங்க நெலத்துக்கு அடியில. மேல நிக்கறது சனம் மட்டும்தான்."

சாரும் காக்காவும் ஆளுக்குப் பாதி சரி. ஆனால் இருவரும் வரைபடத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். எனக்கு ஒரே ஒரு வீடுதான் கண்ணில் நிற்கிறது. ஸ்டெல்லா இருக்கும் மூன்றாவது மாடி.

அக்டோபர் 15, செவ்வாய்

ஸ்டெல்லா வீடியோவில் வந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. பதுங்கும் அறை கட்டடத்தின் அடித்தளத்தில். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ரிவ்காம்மாவால் படி இறங்க முடியாது. சைரன் அடித்தால் இருவரும் மாடிப்படி வளைவில், சுவரை ஒட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அம்மா: "நீயாச்சும் கீழ ஓடேன்டி!"

"அந்தம்மா என் கையைப் புடிச்சிருக்கும்மா. எப்படி உதறிட்டுப் போறது?"

"அப்ப ஊருக்கு வந்துரு."

"இவங்களை யார்கிட்ட உட்டுட்டு? மகன் வெளிநாட்டுல. மாத்து ஆள் கெடைக்கல."

அம்மா போனை என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் கேட்டேன்: படி அகலம்? வளைவு எத்தனை? அந்தம்மா எடை? வீட்டில் கை இல்லாத மரநாற்காலி உண்டா?

"டேய், நாங்க என்ன மோட்டாரா?"

"மோட்டாரா இருந்தா இந்நேரம் எறக்கியிருப்பேன். சொல்லு."

சொன்னாள். எடை என் எடையைவிடக் குறைவு. நாற்காலி உண்டு. நாற்காலியோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். கட்டடத்தில் வேறு யார்? கீழ்வீட்டில் யூசுப், ஆஸ்பத்திரி வேலை, நல்ல பலசாலி.

"அப்ப அவரைக் கேளு."

"அரபுக்காரர்டா. இந்த நேரத்துல, இந்த ஊட்டுல வந்து தூக்குங்கன்னு எப்படிக் கேக்கறது? ரிவ்காம்மா என்ன சொல்வாங்களோ. அவருக்கு என்ன மனசோ. லெபனான்ல அவருக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க."

இதற்கு என்னிடம் ஸ்பானர் இல்லை. நாற்காலிக்கு வழி உண்டு. முதலில் அது.

அக்டோபர் 17, வியாழன்

மதியம் லீவு. மழை விட்டது, மூடுபனி.

ஆலயத்துப் படிகள் ஸ்டெல்லா சொன்ன படிகளின் அளவுக்கு ஏறக்குறைய ஒத்துவருகின்றன. நடுவில் ஒரு வளைவும் உண்டு. சாவி இல்லை, படிக்குப் பூட்டும் இல்லை. வீட்டிலிருந்து மரநாற்காலி, உட்காருபவரை அதோடு சேர்த்துக் கட்ட பெட்ஷீட் இரண்டு. எங்கே வழுக்குகிறது என்று தெரிய வேண்டும், எனவே உட்காருபவன் நான். தூக்க செல்வம் வருவதாகச் சொன்னான். லாரி மலைப்பாதையில், பர்லியாறில் நின்றுவிட்டது.

காக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். "எந்தா மோனே, கல்யாண ஊர்வலமா?" விஷயத்தைச் சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டினார். இன்னொரு ஆள் வேண்டும்.

பொன்னையா சார் குடையோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காக்காதான் கூப்பிட்டார்: "மாஷே, ஸ்டெல்லாவுக்காக."

சார் நின்றார். ஸ்டெல்லாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். நான் சைரனைச் சொன்னேன், படி வளைவைச் சொன்னேன். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். "பின்னாடி நான் புடிக்கறேன். காக்கா, முன்னாடி வாங்க."

முதல் முறை: காக்கா என்னைப் பார்த்தபடி பின்னால் நடந்து இறங்கினார். இரண்டாம் படியிலேயே கால் தவறினார். தோல்வி.

இரண்டாம் முறை: காக்கா கீழே பார்த்தபடி, கைவண்டி இழுப்பதுபோல் நாற்காலியின் முன்கால்களைப் பக்கவாட்டில் பிடித்தார். சார் முதுகுப்பலகையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டார். சரியாக வந்தது. வளைவு வரை.

"சண்டையை முதல்ல யாரு நிறுத்தோணும், அதைச் சொல்லுங்க காக்கா."

"தூக்கறப்பவுமா மாஷே?"

"மூச்சு இருக்குதுல்ல, சொல்லுங்க."

"கையில பெரிய குண்டு வெச்சிருக்கவன்தான் முதல்ல!" காக்கா ஒரு கையை எடுத்துக் காட்டினார். நாற்காலி சாய்ந்தது. பெட்ஷீட் கட்டு இல்லையென்றால் நான் படியோரச் சாக்கடையில்.

"கை! ரெண்டு கையும் வேணும்! அரசியல் கீழ போய்!"

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். கடைசிப் படி வரை சார் "ஒண்ணு, ரெண்டு" மட்டும் சொன்னார். காக்கா அதற்குக் கால் வைத்தார். கீழே இறக்கியதும் இருவருக்கும் மூச்சிரைப்பு. சார் கேட்டார்: "அந்தம்மாவுக்குப் பயமா இருக்காதா, இப்படி மல்லாக்கச் சாஞ்சா?"

உட்கார்ந்த எனக்கே பயமாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

"அப்ப வழி முச்சூடும் பேசிட்டே வரச் சொல்லு. சண்டையைப் பத்தி வேண்டாம்."

மூன்றாம் முறை, போனைக் கீழே சுவரில் சாய்த்து வைத்துப் படம் பிடித்து அனுப்பினேன்; வளைவில் இருவரும் மறுபடி கத்திக்கொண்டதும் அதில் இருக்கிறது. கடைப் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. காக்கா சாரைத்தான் திட்டினார்.

அக்டோபர் 18, வெள்ளி

பதில் இல்லை. இரண்டு டிக் விழுந்திருக்கிறது. நீலம் இல்லை.

ஃபாக்டரியில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். அம்மா சோறு வடிக்க மறந்து, குழைந்ததையே சாப்பிட்டோம். கடைக்குப் போனதும் காக்காவும் சாரும் ஒரே நேரத்தில்: "பதில் வந்துச்சா?"

அக்டோபர் 19, சனி

வெயில்! ஒரு வாரத்தில் முதல் தடவை.

கமிட்டி. நான் சொன்னது: "சத்தத்தைக் குறைச்சது தப்பு. நேர்ல சொல்லியிருக்கணும். ஜெபத்தைப் பத்தி நான் நெனச்சதுல மாத்தம் இல்லைங்க."

ஆயர் நெற்றியைத் தேய்த்தார். பொன்னையா சார் எழுந்தார். "சாவியை அவனுக்கே குடுங்க. ஆனா நாளைக்குப் பொது ஜெபம் அவன் பண்ணட்டும். பொட்டிகிட்ட நான் உக்காந்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்து போனைப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் வாய்ஸ் மெசேஜ். டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டேன். காக்கா பாய்லரை அணைத்தார்.

"டேய், கேட்டுட்டேன். யூசுப்கிட்ட. கதவைத் தட்டி வீடியோவைக் காட்டுனேன். அவரு பாத்துட்டு, 'இந்த ரெண்டு தாத்தாவும் யாரு, ஏன் இப்படிக் கத்திக்கறாங்க'ன்னு கேட்டாரு. காலைல ரெண்டு தடவை பழகுனோம். இப்ப நெசமாவே சைரன். எறங்கிட்டோம்டா. அவரு முன்னாடி, நான் பின்னாடி. ரிவ்காம்மா வழி பூரா அவரைத் திட்டிக்கிட்டே வந்தாங்க, மெதுவாப் போ, மெதுவாப் போன்னு. கீழ வந்ததும் அவர் கையை உடல. அம்மாகிட்டச் சொல்லு."

"தாத்தாவா?" என்றார் காக்கா.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு காக்காவிடம்: "பெரிய குண்டுன்னு சொன்னீங்களே, அதுல எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லீங்க." ஆனால் இரண்டாவது டீ கேட்டார்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், "அந்த யூசுப் சாப்ட்டாரான்னு கேளு" என்றாள்.

நாளைக்கு:

1. எட்டு மணிக்கு ஆலயம். வெளி ஸ்பீக்கர் ஒயர் நனைந்திருக்கிறது, டேப் சுற்ற வேண்டும்.
2. எந்தக் குமிழ் எதற்கு என்று சாருக்குக் காட்ட வேண்டும். நான் உளறினால் அவர் குறைக்கட்டும்.
3. ஜெபத்தில் சார் சொன்ன, பிடித்துச் செல்லப்பட்டவர்கள், காக்கா சொன்ன குழந்தைகள், இரு தரப்பும் வர வேண்டும். யாரையும் அழிக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. பெயர் சொல்லி: ரிவ்கா, யூசுப், ஸ்டெல்லா.
4. வெளி ஸ்பீக்கர் முழுச் சத்தம்.
5. ஸ்டெல்லாவிடம்: லிஃப்ட் கன்ட்ரோல் பெட்டிக்குள் எதையும் யாரும் தொட வேண்டாம், பெட்டிக் கதவைத் திறந்து போட்டோ மட்டும் எடுத்து அனுப்பட்டும், பார்த்துச் சொல்கிறேன். யூசுப் டார்ச் பிடிக்கட்டும்.