பல்பு இருந்த இடத்தில் எல்இடி

விரலில் இன்னும் சோல்டரிங் பேஸ்ட் வாசனை இருக்கிறது. சோப்பு போட்டும் போகவில்லை. நீ இருந்திருந்தால், "ஏனுங்க, ஊட்டையே பட்டறை ஆக்கிப்போட்டீங்களே" என்று ஜன்னலைத் திறந்து விட்டிருப்பாய். நான் ஜன்னலைத் திறக்கவே இல்லை.

நம் காரில் ஏசி குமிழ்களுக்குப் பின்னால் இருந்த குட்டி பல்புகள் நீ இருக்கும்போதே போய்விட்டன. இருட்டினால் எந்தக் குமிழ் எதற்கு என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியும் இருக்கவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து உன் கைதான் திருப்பும். "நீங்க ரோட்டப் பாருங்க" என்பாய். புதிது போடலாம் என்றபோது, "நீல கலர் மட்டும் வேண்டாங்க, ஆம்னி பஸ்ஸாட்டம் இருக்கும்" என்று சிரித்தாய்.

உன்னைக் கொண்டுபோனது காய்ச்சல். அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் என் பயம் வண்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

போன மாதம் ஒரு சாயங்காலம் பாப்பாவோடு பரமத்தி வேலூரில் உன் அப்பா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பரமத்தி தாண்டியதும் மழை. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்துவிட்டது. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புவதாக நினைத்து, தடவிப் பிடித்த குமிழைத் திருப்பினேன். காற்றே நின்றுவிட்டது. குனிந்து பார்த்து நிமிர்ந்தால் முன்னால் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். பிரேக்கை மிதித்ததில் வண்டி மண்ணில் இறங்கி நின்றது. கரும்புத் தோகை பானெட்டை உரசிக்கொண்டிருந்தது.

"அம்மா இருந்தா திருகி உட்டிருக்கும்ல" என்றாள் பாப்பா பின்சீட்டிலிருந்து. அழவில்லை. சும்மா சொன்னாள்.

அவளை வேலூரிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்க பஸ்ஸில்தான் போனேன். கார் சாவி ஆணியிலேயே தொங்கியது. "இவ்வளவு பயம் எதுக்குங்க மாப்பிள்ளை? புள்ள இங்கயே பள்ளிக்கோடம் போகட்டும்" என்றார் மாமா. நல்ல மனதோடுதான் சொன்னார். பள்ளி திறப்பதற்குள் நான் கூட்டி வராவிட்டால் அங்கேயே சேர்த்துவிடுவதாகப் பேச்சு.

இன்று காலை காரின் ஏசி பேனலைக் கழற்றினேன். டார்ச் பிடிக்க ஆளில்லாமல் செல்போனை ஒரு டம்ளரில் சாய்த்து வைத்தேன். பழைய பல்பை எப்படி வைத்தாலும் எரியும். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. பாலிடெக்னிக்கில் முதலில் படித்த பாடம். ஆனாலும் ஒன்றை மாற்றி வைத்துப் பற்றவைத்துவிட்டேன். லைட்டைப் போட்டால் இரண்டு வட்டம் மஞ்சளாக எரிகிறது, நடுவில் இருட்டு. காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பும் குமிழ் அதுதான். மேஜையில் பிளஸ்ஸும் மைனஸும் தெரியாதவனை நம்பியா அவள் பின்சீட்டில் உட்காரப்போகிறாள்? வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஈயத்தை உருக்கி எடுத்து, அதைத் திருப்பி வைத்தேன். எரிந்தது.

சாயங்காலம் காரிலேயே வேலூர் போனேன். மாமா கதவில் கையூன்றிக் குனிந்து பார்த்தார்.

"இந்த லைட்டுக்காகவா மாப்பிள்ளை இத்தன நாளா பஸ்ல வந்தீங்க?"

"ஆமாங்க மாமா."

மாமா பாப்பாவின் பையை எடுத்துவந்து பின்சீட்டில் வைத்தார். "மெதுவாப் போங்க. போனதும் போன் பண்ணுங்க."

மழை இல்லை. ஆனாலும் வழியெல்லாம் உருட்டிக்கொண்டேதான் வந்தேன். லாரிகள் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போயின. "அப்பா, நடந்தே போயிருக்கலாம்" என்றாள் உன் மகள். பயம் குறையவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

வாசலில் வண்டியை நிறுத்தி மாமாவுக்கு போன் செய்தேன். நீ போன பிறகு யார் கேட்டாலும் "வந்துட்டேன்" என்றே சொல்லிப் பழகியிருந்தேன். இன்று "வந்துட்டோங்க மாமா" என்றேன்.

தூங்கிவிட்டவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். நீ தூக்கிய காலத்தைவிடக் கனக்கிறாள். இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.