லிஸ்பனில் கற்ற மூன்று சொற்கள்

என் வீட்டுக்காரருக்கு,

பையைக் கீழே வைத்துவிட்டு, வாசலில் நின்றபடியே இதை முழுதாகப் படியுங்கள். கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து லிஸ்பன் வரை போய்ப் பந்தாட்டம் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று சாயாக்கடைச் சேட்டன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான்.

அங்கே இறங்கிய முதல் நாள் போனில் நீங்கள் பேசியதுதான் மனதை விட்டுப் போகவில்லை. "ஒத்தைக்குத்தான் ஊர் சுத்தினேன். ஸ்டேடியத்த வெளிய நின்னு பார்த்தேன், ட்ராம்ல ஏறினேன். ஒருத்தர்ட்டயும் வாய் திறக்கல" என்றீர்கள். இத்தனைக்கும் நான் எதுவுமே கேட்கவில்லை.

பிறகு உங்களுக்கே உற்சாகம் தாங்கவில்லை. "அடிபொளி ஊரு! இங்கயும் ஜன்னலுக்கு ஜனேலாதான், சாவிக்கு ஷாவ், துவாலைக்குத் துவால்யா. நம்ம பாஷையாட்டமே இருக்கு!"

வாய் திறக்காதவருக்கு இதெல்லாம் யார் சொல்லித்தந்தது? ஓட்டலில் எல்லோரும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள் என்றும் நீங்களே சொன்னீர்கள். பந்து பார்க்கப் போனவர் பந்துக்கும் கோலுக்கும் அங்கே என்ன பேர் என்று கேட்டு வந்திருந்தால் சரி. ஜன்னலும் சாவியும் துவாலையும் சேர்ந்து இருக்கும் இடம் ஸ்டேடியமா?

நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் அடிக்கிறதே என்றுதான் ஜன்னல்களைச் சாத்தியிருக்கிறேன். சாவி என் இடுப்பில் பத்திரமாக இருக்கிறது. துவாலை மட்டும் வெளியே கொடியில் கிடக்கிறது, முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லித்தந்தவளின் பெயரைச் சொல்லுங்கள், கதவைத் திறக்கிறேன்.

இப்படிக்கு,
கதவுக்கு உள்பக்கம் நிற்கும்
உங்கள் மனைவி