நின்ற இடத்தில் ஏறிய மலை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை வழக்கம்போல் ஒரே வரியில் முடிக்காமல் விரிவாக எழுது. உன் மாமாவுக்கு இருமல் விட்டது. சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பாடச் சொன்னால் காற்றுதான் வருகிறது.

நான் பசுமைக்குடிலில் வேலைக்குச் சேர்ந்தபோது, "நிழல்ல நின்னு காய் பறிக்கிற சொகுசு வேலை" என்று கேலி செய்தாய். வெளியிலிருந்து பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உள்ளே போனாலோ, கொதிக்கிற சோற்றுப்பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே ஆவி, அந்த ஆவிக்குள்ளேயே பகல் முழுக்க நிற்பதுபோல இருக்கிறது. வெள்ளரிக்கொடிகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் கூரை வரை ஏறியிருக்கும். கீழ்க்காய்க்குக் குனிய வேண்டும், மேல்காய்க்கு எக்க வேண்டும். பெட்டி நிரம்பியதும் வண்டியில் ஏற்றித் தள்ளினால், ஈரமண் சக்கரத்தை விடாது.

போன வாரம் ஒரு டாக்டரம்மா வந்தார். குடில் வேலை செய்கிறவர்களை வெக்கை என்ன பாடுபடுத்துகிறது என்று அளக்க வந்தவர். என் மார்பிலும் என்னோடு பறிக்கிற ரேடியோ மார்பிலும் ஒரு பட்டையைக் கட்டினார். ரேடியோ என்றது ஒரு பெண்ணை. வாய் ஓயாததால் எல்லோரும் வைத்த பெயர். பட்டையைக் கட்டும்போதே, "நெஞ்சுல கட்டினா என்ன தெரியும் டாக்டரம்மா, என் வாயில கட்டிப் பாருங்க" என்றாள்.

சற்று நேரம் கழித்து டாக்டரம்மா தன் கையிலிருந்த திரையைக் காட்டினார். ஒரு பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. "இதுதாங்க உங்க இதயம். மலை ஏறுறவங்களுக்குத்தான் இப்படி அடிக்கும்" என்றார். நான் ஒரே வரிசையில் நின்று கயிற்றில் கொடி சுற்றிக்கொண்டுதானே இருந்தேன்! சோறு கேட்காமல், முனகாமல், எனக்குள்ளே ஒன்று இத்தனை நாளும் மலை ஏறியிருக்கிறது. அதைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அன்றே உச்சி வெயிலில் ரேடியோவின் பேச்சு நின்றுபோனது. அடுத்த வரிசையில்தான் இருந்தாள். கொடிகளை விலக்கிப் பார்த்தால், காயே இல்லாத கயிற்றில் காய் பறித்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டதற்கு, "பஸ் வந்துடுச்சா?" என்று கேட்டாள். தொட்டால் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. அப்படியே நினைவு தப்பிச் சரிந்தாள். நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடிவந்து, அவளைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டி நிழலில் கிடத்தினோம். செடிக்குப் பாய்ந்த குழாயை மேஸ்திரி பிடுங்கி அவள்மேல் திருப்பினார். அட்டைகளைக் கிழித்து விசிறினோம். டாக்டரம்மா ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். அவளுடைய கோடு வெறிபிடித்து ஓடியது. நினைவில்லாத உடம்புக்காக அது மட்டும் விடாமல் போராடியது தம்பி! மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. பிறகு அவள் கண்ணைத் திறந்து, "எவடி என்னைக் குளிப்பாட்டினது?" என்றாள். சிரிப்பும் அழுகையும் எங்களுக்கு ஒன்றாக வந்தன. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்று வீடு திரும்பினாள்.

மதிய வேலையை நிறுத்தச் சொல்லி மேஸ்திரி கேட்டதற்கு முதலாளி எகிறினார். டாக்டரம்மா ஒன்றும் வாதாடாமல் பட்டையை அவருக்கே கட்டி, ஒரு வரிசை பறித்துவிட்டு வரச் சொன்னார். பாதியிலேயே திரும்பிவந்து, திரையில் தன் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது உச்சிக்கு மூடினால், வெயில் தாழ்ந்த பிறகுதான் குடில் திறக்கிறது.

நீ தார் ரோடு போடுகிறவன். உனக்கு மேலே வெயில், கீழே நெருப்பு. போன தடவை அனுப்பிய படத்தில் உன் புருவத்துக்கு மேலே தையல் தெரிந்தது. கதவு இடித்தது என்றாய். கதவு என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் தலை சுற்றினால் அங்கேயே உட்காரு. திட்டுகிறவன் திட்டட்டும், திட்டு உடம்பில் ஒட்டாது. பக்கத்தில் வேலை செய்கிறவனோடு எதையாவது பேசிக்கொண்டே இரு, சாமி. உன் சத்தம் நின்றால், திரும்பிப் பார்க்க அங்கே ஒருவன் வேண்டும்.

நீ நூறு வயது வாழ, வயிறு குளிர வாழ்த்தும்
உன் அக்கா