அத்தை ஆட்டம்

ஆவணி 3, திங்கள். நகரி.
வெயில். தறிக்குப் பாவு நூல் பிணைக்க ஆள் வரவில்லை. வெள்ளிக்கிழமை மங்காவைத் திருப்பதியில் நாத்தனார் வீட்டில் விடுகிறோம். அவளுக்குப் பிள்ளை இல்லை, எனக்கு மூன்று பெண்கள். நடுப்பிள்ளையைத் தத்துக் கொடுப்பதாக இவர் வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் என்னைக் கேட்டார்.

நான்கு நாளில், ஐந்து வயதுக்கு, சொல்லித்தர வேண்டியது:
பாவாடை நாடா, தானே கட்ட.
பொய் கூடாது.
இரண்டாம் முறை சோறு கேட்கக் கூடாது. (இந்த வரியை அடித்துவிட்டேன். கேட்கட்டும்.)
தெலுங்கில் தண்ணீர் கேட்க. அங்கே தெலுங்குப் பள்ளிக்கூடம்.
நாத்தனாரை அம்மா என்று கூப்பிட. என்னை அத்தை.

ஆவணி 4.
நாடா வந்துவிட்டது. அத்தை என்று கூப்பிட வரவில்லை. "நீ அம்மாதானே, எப்டி அத்தையாவே?"
வெளியே இவர் குரல். எல்லை பிரிப்பில் நகரி மெட்ராஸ் பக்கமா, ஆந்திராவா என்று தெருவே சண்டை. "நம்மள ஒரு வார்த்த கேக்காம கோடு போட்றானுங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். சிரிப்பு வந்தது எனக்கு. நல்ல சிரிப்பு இல்லை.

ஆவணி 5.
ஆட்டமாக மாற்றினேன். நான் விருந்தாளி. வாசலில் இருந்து வருவேன். மங்கா சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "வாங்க அத்தை, குந்துங்க" என்பாள். "ஆட்டம் முடிஞ்சிச்சு" என்று நான் சொன்னதும் அம்மா என்று மடியில் விழுவாள். நான் சொன்னால்தான் முடியும், அதுவரை அத்தைதான். பத்துத் தடவை. ஒரே குஷி அவளுக்கு. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன், பாவி.

ஆவணி 6.
தூறல். உப்பு தீர்ந்தது. முதுகு தேய்க்க அவளுக்குக் கை எட்டவில்லை. நாத்தனார் தேய்த்துவிடுவாளா? கேட்க வெட்கம்.

ஆவணி 7, வெள்ளி. திருப்பதி போய் வந்தோம்.
தத்துச் சடங்கில் மஞ்சள் நீர் குடிக்க வைத்து, நாத்தனார் மடியில் உட்கார வைத்தார்கள். மங்கா அழவில்லை. பிள்ளையை நன்றாகப் பழக்கியிருக்கிறாய் என்றார்கள். இவர் மட்டும் கொல்லைப் பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.
புறப்படும்போது சொம்போடு வந்தாள். இரண்டு கை. ஒரு சொட்டு சிந்தவில்லை. "தண்ணி குடிச்சிட்டுப் போங்க அத்தை." எல்லாருக்கும் சிரிப்பு. குடித்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தபோது என் காதில் சொன்னாள்:
"எப்பம்மா ஆட்டம் முடியும்?"
இன்னும் கொஞ்ச நேரம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆவணி 8.
வெயில். பாவு ஆள் வந்தான். பழக்கத்தில் மூன்று பேர் தலைக்கும் எண்ணெய் எடுத்துவிட்டேன், உள்ளங்கையில் மிச்சம்.
அங்கே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சொன்னால்தானே முடியும்.