விலை தெரிந்த கண்

மார்ச் 4, செவ்வாய்

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது என் நாற்காலியில் புதுசு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் என் பெயர் எழுதியிருக்கவில்லை, உண்மைதான். ஆனால் மூன்று வருஷமாக ஜன்னலோரம் நான் உட்கார்ந்து தேய்த்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா, சூடாக்கி வச்சிருக்கேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அது வேறு பேச்சாகிவிடும்.

அவளுக்குப் பெயர் இருக்கிறது. ஷோரூமில் கார் விற்றுக்கொண்டிருந்தவள் எங்கள் கார் பத்திரிகையில் வந்து சேர்ந்த அன்று, பக்கம் அமைக்கிறவர் "புதுசு வந்தாச்சு" என்றார், ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர் வைத்த பெயர் லைப்ரரி.

மார்ச் 6, வியாழன்

அடுத்த இதழுக்கு ஒரு பிளக்-இன் ஹைப்ரிட் வருகிறதாம். வீட்டில் வயரைச் செருகிச் சார்ஜும் ஏற்றலாம், பங்க்கில் பெட்ரோலும் போடலாம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். இதையே தலைப்பாக வைத்துவிடலாமா என்று கூட்டத்தில் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆசிரியர் சொன்னார்: "கண்ணும் காசும் இந்தத் தடவை நீங்க ரெண்டு பேருமே எழுதுங்க. எது நல்லா வருதோ அது போகட்டும். இனிமேலும் அவங்களே எழுதட்டும்."

'கண்ணும் காசும்' என் பத்தி. வண்டியின் தோற்றம், அதன் விலை, இந்த இரண்டைப் பற்றி மட்டும். ஓட்டிப் பார்த்து எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இஞ்சின் பற்றி எழுத இருக்கிறார்கள். அந்தப் பத்திரிகையில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு பக்கம்தான். "இனிமேலும்" என்பதை அவர் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார், மூடி சரியாக விழுகிறதா என்பதுதான் முக்கியம் போல.

புதுசு என் பக்கம் திரும்பினாள். "அக்கா எழுதுறப்ப நான் என்னத்த சார் எழுதுறது?"

அடக்கம். அடக்கமானவர்களைத் தாங்கிக்கொள்வது கஷ்டம். திட்டக்கூட இடம் தருவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

அவளிடம் இருப்பது என்ன, என்னிடம் இல்லாதது என்ன?

"புத்தகத்தைக் கையில எடுத்தாலே தூங்கிடுவேன்க்கா" என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறாள். முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாது. அவள் வாக்கியம் மூச்சு முட்டும்வரை ஓடும். ஆனால் போன மாதம் ஒரு சின்னக் காரைப் பற்றி நாலு வரிக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். அதில், 'தூங்கி எழுந்து கண்ணாடி பார்க்காமல் வெளியே வந்த முகம்' என்று எழுதியிருந்தாள். அதே காரின் முன்பக்கத்தைப் பற்றி நான் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் 'சற்றே சோர்வான தோற்றம்' என்று விட்டிருந்தேன்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. இதை யாரிடம் சொல்வது? நகைக்காகப் பொறாமை, வீட்டுக்காகப் பொறாமை, மாப்பிள்ளைக்காகப் பொறாமை என்றால் புரிந்துகொள்வார்கள். ஒரு வரிக்காக என்றால்? இத்தனை வருஷம் படித்த புத்தகமெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது, நல்ல வரியை அடுத்தவர் எழுதியிருந்தால் அடையாளம் கண்டுபிடிக்கத்தானா?

அம்மா மட்டும் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"ஆபீஸ்ல எவளோ ஒருத்தி முந்திட்டா, அதானே?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"பக்கத்துத் தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா நம்ம தட்டு ஆறிப்போகும்டி. சாப்பிடு."

மார்ச் 8, சனி

அவள் கையெழுத்துகூட அழகாக இருக்கிறது. இது அநியாயம்.

மார்ச் 10, திங்கள்

இன்று செய்ததை எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். வண்டி வந்ததும் அதன் பெயர், சின்னம் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்துப் பின்பக்க ஷெட்டில் நிறுத்துவார்கள். விலை ஆசிரியருக்கு மட்டும் தெரியும். எழுதுகிறவர்கள் அரைமணி நேரம் யாரோடும் பேசாமல் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு, இது என்ன விலை பெறும் என்று ஒரு சீட்டில் எழுதி, காது உடைந்த காபிக் கோப்பையில் போட வேண்டும். அதன் பிறகுதான் நிஜ விலையைச் சொல்வார். பத்தி எழுதுவது அதற்கும் பிறகு. "விலை தெரிஞ்ச கண்ணு பொய் சொல்லும்" என்பார்.

மூன்று வருஷத்தில் என் சீட்டு ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை. "லைப்ரரி கையில காசு கொடுத்துக் கடைக்கு அனுப்பாதீங்கப்பா" என்பது ஷெட்டில் பழைய ஜோக். புதுசோ விற்பனையில் இருந்தவள். கார் விலையெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில் இருக்கும்.

மதியம் அந்தக் கம்பெனியின் விளம்பரம் பக்கம் அமைக்கிறவருக்கு வந்துவிட்டது. எழுத்துப் பிழை பார்க்கக் கூப்பிட்டார். நாங்கள் யாராவது போனால் திரையில் விலை இருக்கும் இடத்தில் ஒரு துண்டு அட்டையை ஒட்டிவிடுவார், அதுவும் வழக்கம்தான். ஒட்டினார். அவருக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார்.

அட்டையைத் தூக்கினேன்.

முப்பத்தொரு லட்சம்.

தூக்குவது சுலபமாக இருந்தது. திரும்ப ஒட்டத்தான் வரவில்லை. ஒரு ஓரம் நிமிர்ந்துகொண்டே நின்றது. அவர் வந்தார், பார்த்தார், கட்டை விரலால் அந்த ஓரத்தை அழுத்திவிட்டார்.

"பிழை ஏதாவது இருக்காம்மா?"

"இல்லைங்க."

மார்ச் 11, செவ்வாய்

வண்டி நீலம். கறுப்பில் ஒரு சொட்டு விட்ட நீலம். நீண்ட முன்பக்கம், ஒல்லியான விளக்குகள், கதவோடு கதவாகப் படிந்துபோன கைப்பிடிகள். முன்பக்கம் இடது ஓரத்தில் சார்ஜ் ஏற்றும் மூடி, பின்பக்கம் வலது ஓரத்தில் பெட்ரோல் மூடி.

இவ்வளவையும் இப்போது ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். அங்கே நின்றபோது எதுவும் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் முப்பத்தொரு லட்சம் என்றுதான் தெரிந்தது. முழங்கால் படும் இடத்தில் பிளாஸ்டிக் கடினமாக இருக்கிறதா, ஆமாம், முப்பத்தொன்றுக்கு அப்படித்தான் இருக்கும். பின்னால் பேட்டரிக்காக டிக்கித் தளம் உயர்ந்திருக்கிறதா, இருக்கும். மளிகைக் கடைக்காரர் பில்லைச் சரிபார்ப்பதுபோல வண்டியைச் சரிபார்த்தேன்.

புதுசு முட்டி போட்டு உட்கார்ந்து சார்ஜ் மூடியைத் திறந்து மூடினாள். எழுந்து போய் பெட்ரோல் மூடியைத் திறந்து மூடினாள். மறுபடி முன்னால் வந்தாள். காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்குள் சிரித்துக்கொண்டு. வண்டியைப் பார்த்ததைவிட நான் அவளைப் பார்த்ததுதான் அதிகம்.

சீட்டில் கொஞ்சம் தள்ளி எழுதலாம், இருபத்தொன்பது என்று போட்டால் சந்தேகம் வராது என்று தோன்றியது. ஆனால் எனக்கு அவள் வாயடைத்துப்போக வேண்டும். துல்லியமாக எழுதினேன்.

ஆசிரியர் என் சீட்டைப் படித்தார். நிஜ விலையைச் சொன்னார். ஷெட்டில் கைதட்டல். "லைப்ரரிக்கு ஞானம் வந்துடுச்சு" என்றார் ஒருவர். புதுசு எழுதியிருந்தது நாற்பத்து மூன்று லட்சம். அதற்கும் கைதட்டினார்கள், வேறு மாதிரி.

"காரு வித்த பொண்ணா நீ?"

"நான் வித்திருந்தா நாப்பத்தி மூணுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "வாங்குறவங்களும் கொடுத்துட்டுக் கும்பிட்டுட்டுப் போயிருப்பாங்க."

அவளும் சேர்ந்து சிரித்தாள். தோற்கும்போதுகூட இவளுக்கு எப்படி இவ்வளவு அழகாகத் தோற்க வருகிறது?

ஆசிரியர் சிரிக்கவில்லை. என் சீட்டைக் கோப்பையில் திரும்பப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "முதல் தடவை" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தேன்.

மார்ச் 12, புதன்

எழுத வரவில்லை.

'தோற்றம் விலைக்கு ஏற்றது. விலை தோற்றத்துக்கு ஏற்றது.' முடிந்துவிட்டது. மிச்சப் பக்கத்துக்கு என்ன செய்வது?

மார்ச் 13, வியாழன்

ஆற்றில் ஒரு கால் என்று ஆரம்பித்தேன். படித்தால் யாரோ சலித்துக்கொண்டு எழுதியதுபோல இருந்தது. அடித்துவிட்டு, அதையே வேறு சொற்களில் எழுதினேன். விளக்குகளுக்கு மூன்று உவமை, மூன்றும் ஏற்கெனவே எங்கோ படித்தவை. பக்கம் நிரம்பியது. பிழை ஒன்றுகூட இல்லை. கொடுத்துவிட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஆசிரியர் கூப்பிட்டார். என் தாள் அவர் முன்னால் இருந்தது.

"நல்ல தமிழ்."

"தேங்க்ஸ் சார்."

"நல்ல தமிழ்னு மட்டும்தான் சொன்னேன்." தாளைக் கவிழ்த்து வைத்தார். "நீ எப்பவும் விலையைத் தப்பா சொல்லுவ. ஏன் தப்பா சொன்னோம், இந்த வண்டி நம்மள எங்க ஏமாத்துச்சுன்னு உனக்கே குடைச்சலா இருக்கும். அந்தக் குடைச்சலைத்தான் எழுதுவ. அதுக்குத்தான் ஆளுங்க படிக்கிறாங்க. இந்தத் தடவை குடைச்சலே காணோமே."

கவிழ்ந்த தாளின் வெற்றுப் பக்கத்தையே பார்த்தேன்.

"சரியா சொல்லிட்டவங்களுக்கு எழுத என்ன இருக்கு, சொல்லு. அந்தப் பொண்ணு பன்னிரண்டு லட்சம் தள்ளிச் சொல்லியிருக்கா. பக்கம் பூரா அதைத்தான் எழுதியிருக்கா. கண்ணும் காசும் அவளே பார்த்துக்கட்டும்."

அவருக்குத் தெரியுமா? பக்கம் அமைக்கிறவர் சொல்லியிருப்பாரா? கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. "சரி சார்" என்றேன். குரல் நன்றாகவே வந்தது.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழவில்லை. – ச்சே, இதுலயும் பொய்யா. அழுதேன். அவ ஒண்ணுமே பண்ணல. ஒரு சதி இல்ல, ஒரு கோள் இல்ல. அவ பாட்டுக்குத் தப்பா சொன்னா. நானும் எப்பவும்போலத் தப்பா சொல்லியிருந்தா போதும், மூணு வருஷமா எனக்குச் சோறு போட்டதே அந்தத் தப்புதான். என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

மார்ச் 15, சனி

அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, கொடியிலிருந்து துணிகளை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மடித்தாள். பாதியை என் மடியில் போட்டாள். மடித்தேன்.

மார்ச் 17, திங்கள்

ஆசிரியர் ஒரு தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். "இதுக்குப் புள்ளி, கமா எல்லாம் நீதான் போடணும். வேற யாரு இருக்கா?"

அவளுடைய பத்தி.

வாக்கியங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. ஆனால் முதல் வரியிலேயே, 'நான் ஏமாந்தேன்' என்று ஆரம்பித்திருந்தாள். பிறகு ஏமாந்த இடங்கள் ஒவ்வொன்றாக. சார்ஜ் மூடி பஞ்சில் கை வைத்ததுபோல மூடுகிறதாம். பெட்ரோல் மூடி 'டக்' என்று மூடுகிறதாம். 'ஒரே வீட்டில் இரண்டு மருமகள்கள், வந்தவளுக்கு மெத்தை, இருந்தவளுக்குப் பாய்.' அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சத்தமாகவே சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், பக்கம் அமைக்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

அந்த மருமகள் வரியின் மேல் சிவப்புப் பேனா நின்றது. இடம் போதவில்லை என்று எடுத்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அவளே கேட்க மாட்டாள்.

எடுக்கவில்லை. இரண்டு வாக்கியமாக உடைத்தேன். அதனால் இன்னும் நன்றாகிவிட்டது.

முடிவுதான் இல்லை. பஸ் நின்றதும் இறங்கியதுபோல நின்றிருந்தது. ஷெட்டுக்குப் போனேன். வண்டியை நாளை திரும்பக் கொண்டுபோகிறார்கள், டேப்பையெல்லாம் உரித்திருந்தார்கள். சும்மா நின்று பார்த்தேன். அவள் எழுதியதைப் படித்தவளாக, நாற்பத்து மூன்று என்று நம்பி ஒருமுறை சுற்றி வந்தேன். உண்மைதான். கதவருகில் வந்ததும் கையைத் துடைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. இவ்வளவு நல்ல வண்டி, அன்றைக்கு என் கண்ணில் படவே இல்லையே.

திரும்பி வந்து அவள் பத்தியின் கடைசியில் எழுதினேன்:

'பார்த்ததும் விலை கேட்கத் தயங்குகிறோம். கேட்டதும், ஏன் தயங்கினோம் என்று தோன்றுகிறது.'

நல்ல மனசால் எழுதவில்லை. அந்த வரியை வைக்க எனக்கு வேறு இடம் இல்லை.

மார்ச் 21, வெள்ளி

புதிய இருக்கை ஏற்பாடு. அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. "எனக்கு வெயில் ஆகாதுக்கா" என்கிறாள். பொய். வெயிலில் நின்று கார் விற்றவள்.

ஏப்ரல் 3, வியாழன்

இதழ் வந்து மூன்று நாள். 'கண்ணும் காசும்' பற்றி இவ்வளவு கடிதம் எப்போதும் வந்ததில்லை. பாதிப் பேர் அந்தக் கடைசி வரியை எடுத்து எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர் ஒன்றை உரக்கப் படித்தார்: "புதிதாக எழுதுகிறவரை விட்டுவிடாதீர்கள். முன்பு எழுதியவர் நன்றாகத்தான் எழுதுவார். ஆனால் அவருக்கு இப்படி ஒரு வரி வராது."

படித்து முடித்ததும்தான் நான் அங்கே இருப்பதைப் பார்த்தார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மதியம் புதுசு என் மேஜைக்கு வந்தாள். கையில் இதழ்.

"அக்கா, கடைசி வரி நான் எழுதினதா, நீங்க போட்டதா? நாலஞ்சு தடவை படிச்சுட்டேன், எனக்கே தெரியல."

சொல்லியிருக்கலாம்.

"உன்னுதுதான். நான் புள்ளி மட்டும்தான் வச்சேன்."

"நிஜமாவா?" இன்னொரு முறை படித்தாள், உதடு அசைய. "பரவால்லையே நானு."

அவள் தன் இடத்துக்குப் போன பிறகு இதழைப் பிரித்து அந்த வரியைப் படித்தேன். நல்ல வரிதான். கீழே அவள் பெயர்.

வயிறு எரிந்தது.