கண்ணாடி ஆறிப்போனது

அன்புள்ள காந்திமதிக்கு,

நலமாயிருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

சூடான கண்ணாடியில் கரைசலைச் சிறிது தெளித்து, அது மறுபடி சூடேறும்வரை பொறுத்துத் தெளித்தால், வெயிலில் மின்சாரம் தரும் மெல்லிய படலம் படியும். பெரிய இயந்திரம் தேவையில்லை. இதற்காகத்தான் திண்டிவனத்திலிருந்து இந்தக் கம்பெனிக்காரர்கள் என்னைப் புனேவுக்கு அழைத்தார்கள்.

நேற்று முதலாளிகளுக்குச் செய்து காட்டினேன். இங்கே மேலாளராக இருக்கும் விழுப்புரத்து இனியவன் அருகில் வந்து, "இன்னா சார், வாசல் தெளிச்சிக்கினு இருக்கீங்களா? அவங்க கிளம்பிடுவாங்க, ஜல்தி அடிங்க" என்றான். பயந்துபோய் நிறுத்தாமல் அடித்தேன். கண்ணாடி ஆறிப்போய், படலம் சுண்ணாம்புபோல் உதிர்ந்தது.

"இந்தத் தெளிக்கிற முறையே சரிப்படாது, இல்லீங்களா சார்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். முப்பது வருடம் வேதியியல் நடத்திய வாய் "ஆமாம்" என்றது. இன்று பெரிய இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

இனி எனக்குக் கண்ணாடி கழுவும் வேலை, சிரமமில்லை. கைக்குத் தேங்காய் எண்ணெய் அனுப்பு. வறுத்த மல்லாட்டையை ஓட்டோடு அனுப்பு, உரித்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் கழியும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று மட்டும் கேட்காதே.

உன்,
விருத்தாசலம்