கடைசி எபிசோடைச் சொல்ல மாட்டேன்

அண்ணா,

சின்ன வயதிலிருந்து நாம் சேர்ந்து பார்த்த அனிமே இன்று முடிந்துவிட்டது. ஆனால் பெரிய செய்தி அது இல்லை.

கடைசிக் காட்சிக்குக் கொஞ்சம் முன்னால், மூலையில் டிவிக்கு முதுகைக் காட்டித் தைத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே கேட்டாள்: "அந்தக் கண்ணு தெரியாத வாள்காரன், செத்துட்டான்னு சொன்னாங்களே, அவன் வரவே இல்லையாடி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொம்மைப் படம் சோறு போடுமா?" என்று இத்தனை வருஷமாகக் கத்திய அம்மா! நீ அனிமே வரையப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றும் அதைத்தானே சொன்னாள்? சண்டைக் காட்சி வரும்போதெல்லாம் தையல் மிஷின் நின்றுவிடுமே, நூல் அறுந்துவிட்டது என்று நினைத்தோமே. மக்குகள் நாம்!

"நீயே திரும்பிப் பாரும்மா," என்றேன். பார்த்தாள். மடியில் இருந்த துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரோ தைக்கக் கொடுத்த சட்டை அது.

உடனே உனக்குச் சொல்லப் போனை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

"அவன்கிட்ட முடிவைச் சொல்லித் தொலைக்காதே. வந்து பாக்கட்டும்."

போன் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. அதனால்தான் கடிதம். என் வாய் ரொம்ப நாள் தாங்காது, உனக்கே தெரியும்.

பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்
உன் தங்கை